துண்டு காயாத இடம்

எங்கள் நகராட்சியில் நிழல் தரும் வேலையில் இருக்கும் மரங்கள் அறுபது வயதில் ஓய்வு பெற வேண்டும். சென்ற மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, நூலக முக்கில் நின்ற தூங்குமூஞ்சி மரம் ஓய்வு பெற்றது. பிரிவுபசார விழா நடத்தினோம். மரத்தின் இடுப்பைச் சுற்றிவரப் பதினொரு சால்வைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட வேண்டியிருந்தது. ஓய்வு பெறுகிறவரை வீடுவரை கொண்டுபோய் விட்டுவருவது எங்கள் அலுவலக வழக்கம். ஆகையால் மேளத்தோடு மரத்தை அழைத்துக்கொண்டு, ஆலங்குளம் சாலையில் ஒரு கல்லூரி வளாகத்தில் நிற்கும் அதன் மகன் வீட்டுக்கு நடந்தோம். மின்கம்பி குறுக்கிட்ட இடங்களில் மரம் குனிந்துகொண்டது. மகன் வாசலிலேயே நின்றிருந்தான். மருமகள் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நான் நிழல் பிரிவில் அளவர். இருபத்தாறு வருடமாக நிழலை அளக்கிறேன். என் கருவி ஓர் ஈரிழைத் துண்டு. அதை நனைத்து, ஏழே ஏழு சொட்டு மிச்சம் இருக்கும்வரை பிழிந்து, உச்சிவேளையில் மரத்துக்கு நேர் கீழே விரிக்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் காய்கிறதோ அதுதான் நிழலின் அளவு. ‘நிழல் என்பது துண்டு காயத் தாமதமாகும் இடம்’ என்பது எங்கள் விதிப்புத்தகத்தின் முதல் வரி. வெட்ட வெயிலில் பதினொரு நிமிடம் ஆகும். நாற்பதைத் தாண்டினால் தேர்ச்சி. தூங்குமூஞ்சி மரம் நல்ல தெம்பில் இருந்தபோது ஐம்பத்திரண்டு கொடுத்தது. பக்கத்து நகராட்சிகளில் டேப் வைத்து அளக்கிறார்களாம். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

மரம் போனதும் நூலக முக்கு நிழலற்ற இடம் ஆகிவிட்டது. நிழலற்ற இடத்தில் யாரும் நின்று தொழில் செய்யக் கூடாது. அந்த முக்கில் தொழில் செய்தது ஒருத்திதான். ராஜகனி. பத்தொன்பது வருடமாக மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள். ஊரில் கசங்காத சட்டையோடு யாராவது போனால் அது அவள் கைவேலை. திங்கள் காலை அவள் வண்டியில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. வியாழன் மாலை ஐந்து மணிக்குள் அந்த இடத்துக்கு வேறு நிழல் வரவில்லை என்றால் வண்டியை எடுத்துவிட வேண்டும்.

ஒட்டப் போனது நான்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஒட்டினேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. மரத்தின் பிறந்த தேதியை எழுதியது நான்.

பத்து வருடம் முன்பு மரங்களுக்கெல்லாம் பணிப் பதிவேடு தொடங்கச் சொல்லி உத்தரவு வந்தது. மரங்களிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள். பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் ஆளைப் பார்த்து உத்தேசமாகப் போட்டது. நானும் அதே முறையைக் கையாண்டேன். பக்கத்தில் விசாரித்து, நூலக முக்கு மரத்துக்கு வயது ஐம்பது என்று எழுதி, ஜூன் ஒன்று என்று தேதியும் போட்டேன். விழா அன்று, மரம் கிளம்புவதற்கு வழி வேண்டும் என்று ராஜகனி தன் வண்டியை நகர்த்தினாள். வண்டி மறைத்திருந்த இடத்தில், நூலகச் சுவரில் ஒரு கல்வெட்டு இருந்தது. நூலகம் திறந்த நாளிலேயே மரமும் நடப்பட்டது என்று தேதியோடு அதில் இருந்தது. கூட்டிப் பார்த்தேன். மரத்துக்கு இப்போதுதான் ஐம்பது. என் பேனா அதன் ஆயுளில் பத்து வருடத்தைத் தின்றுவிட்டது. மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பதிவேட்டில் ஏறியது ஏறியதுதான், ஓய்வு நாளில் திருத்த முடியாது. சால்வையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

காலியான வேலைக்கு ஒரே ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. அனுப்பியது, ஊருக்கு மேற்கே உள்ள மேலக்குளத்தில் மிதக்கும் ஓர் ஆகாயத்தாமரை. எங்கள் பக்கத்தில் அதை அமலை என்பார்கள். குளத்தைக் கெடுக்கிற களை என்று அதற்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. எங்கள் மேற்பார்வையாளர் ஆவுடையப்பன் விண்ணப்பத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். என்னைவிடச் சின்னவர், தணிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே தண்ணீர் குடிப்பவர்.

“அண்ணாச்சி, அமலையக் கொண்டாந்து மரத்துக்குப் பதிலா வச்சா, தணிக்கையில என்னத்தச் சொல்ல?”

“ஒப்பிட்டுப் பாத்தோம்னு சொல்லுவோம் சார்.”

“அப்ப ஒப்பிட்டுருங்க.”

ஒப்பிட்டேன். இருவருக்கும் பூர்வீகம் ஒன்றுதான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே கண்டத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் கரை இறங்கியதும் கால் ஊன்றிவிட்டார். மற்றவர் தண்ணீரை விட்டு இறங்கவே இல்லை. மரம் ஒரே இடத்தில் நின்றது. வருகைப் பதிவேட்டில் ஒருநாள்கூட விடுப்பு இல்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் இலையை மடித்துக்கொண்டு தூங்கிவிடும். மழைக்கு இருட்டினாலும் தூங்கிவிடும். இதற்காக மூன்று முறை விளக்கம் கேட்டோம். மூன்று முறையும் பிசுபிசுப்பான காய்களை உதிர்த்ததே தவிர வேறு விளக்கம் தரவில்லை. ஆகாயத்தாமரை தூங்குவதில்லை. ஆனால் மேல்காற்று அடித்தால் கீழ்க்கரைக்கும், கீழ்க்காற்று அடித்தால் மேல்கரைக்கும் போய்விடுகிறது. தேடிப் பிடித்துத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். மரத்தில் நாற்பது மைனாக்களும் கணக்கில் வராத காகங்களும் இருந்தன. செடியில் ஒரு தாழைக்கோழி இருந்தது, அதுவும் மேலே உட்காராமல் நடந்துகொண்டே இருந்தது. மரத்தின் உயரம் அறுபது அடி. செடியின் உயரம் ஒரு சாண். அந்தக் கட்டத்தை நிரப்பும்போது எனக்கே அதன்மீது இரக்கம் வந்தது. வேர் என்ற கட்டத்தில் ‘உண்டு, ஆனால் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை’ என்று எழுதினேன்.

மிச்சம் இருந்தது துண்டு மட்டும்தான்.

திங்கள் உச்சிவேளைக்கு மேலக்குளத்துக்குப் போனோம். ஆவுடையப்பன் கடிகாரத்தோடு வந்தார். ராஜகனி வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து கரையில் நிறுத்தினாள். வெயில் அப்படி அடித்தது, அவள் இஸ்திரிக் கரிப்பெட்டியில் கங்கு தானாகவே கனிந்தது. நான் துண்டை நனைத்து, ஏழு சொட்டு நிறுத்திப் பிழிந்தேன். விதிப்படி விண்ணப்பதாரருக்கு நேர் கீழே விரிக்க வேண்டும். விண்ணப்பதாரருக்கு நேர் கீழே தண்ணீர் இருந்தது. இடுப்பளவு இறங்கி, செடியின் வேர்களுக்கு அடியில், தண்ணீருக்குள் துண்டை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தேன்.

பதினொரு நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. தேர்ச்சி. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ஆவுடையப்பன் கரையிலிருந்து கேட்டார்.

“அண்ணாச்சி, ஈரம் இருக்கா?”

“சொட்டச் சொட்ட இருக்கு சார்.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். மரத்தின் சாதனை முறிந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு நிழலை நான் அளந்ததில்லை. ராஜகனியைப் பார்த்தேன். அவள் வண்டியில் ஒட்டியிருந்த நோட்டீஸின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

மாலை ஐந்து மணிக்குத் துண்டு காயவில்லை. ஐந்துக்கு மேல் நிழலை அளப்பதில்லை என்பதால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, செவ்வாய் காலை எட்டு மணிக்கு மறுபடியும் ஓட்டினோம். செவ்வாய்க்கிழமையும் காயவில்லை. அப்போதுதான் சங்கதி புரிந்தது. துண்டு காய்ந்தால்தான் சோதனை முடியும். சோதனை முடிந்தால்தான் முடிவு எழுதலாம். முடிவு எழுதினால்தான் நிழல் வேலைக்கு வரும். வியாழன் ஐந்து மணிக்குள் வராத நிழல், எவ்வளவு பெரிய நிழலாக இருந்தாலும் ராஜகனிக்குப் பயனில்லை. விதியைப் படைத்தவர்கள் இவ்வளவு நல்ல நிழலை எதிர்பார்க்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஆவுடையப்பன் சாப்பிடப் போயிருந்தார். நானும் ராஜகனியும் கரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் வண்டி நிழலில் இருந்தாள், நான் குடையில் இருந்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“ராஜகனி, மரத்துக்கு இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் இருந்துச்சு. நான்தான் வயசத் தப்பா எழுதிட்டேன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும் அண்ணாச்சி.”

“தெரியுமா?”

“அன்னைக்கு யார்கிட்ட வயசு கேட்டீய? எங்கிட்டத்தான கேட்டீய. அப்பந்தான் ஒரு கல்யாண வேட்டியத் தேச்சு முடிச்சு மடிக்கேன், பொத்துன்னு காயி விழுந்து பிசினு ஒட்டிக்கிட்டு. எனக்கு வந்த கோவத்துல, ‘இந்தக் கெழத்துக்கு அம்பது இருக்கும்’னு சொன்னேன். நாப்பதுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கல்லு மேலதான தெனமும் சாஞ்சு நிக்கேன்.”

நான் குடையை மடக்கிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

“ஏம்மா, பத்து வருஷமா இத ஏன் சொல்லல?”

“நீங்க எழுதிட்டீய. அழகான கையெழுத்து. அடிச்சுத் திருத்தச் சொல்ல மனசு வரல.” ஒரு கல்லை எடுத்துக் குளத்தில் போட்டாள். “வாயக் கொடுத்து வம்ப வாங்குனேன். மரத்தையும் தொலச்சேன், எடத்தையும் தொலைக்கப் போறேன்.”

இருவரும் சேர்ந்து செய்த தப்பு என்று தெரிந்ததும் பாரம் பாதியானது. அப்படி நினைப்பது சரியில்லைதான். ஆனாலும் பாதியானது. அந்த மத்தியானம் கொண்டுபோன புளியோதரையை முதல் தடவையாக முழுதும் சாப்பிட்டேன், அவளுக்கும் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணி. துண்டு ஈரமாக இருந்தது. ஆவுடையப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வருத்தத்தோடுதான் சொன்னார்.

“துண்டு காயாம நான் முடிவு எழுத முடியாது அண்ணாச்சி. இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு.”

ராஜகனி எழுந்து வந்தாள். “காயணும், அவ்வளவுதான சார்? எதுல காயணும்னு போட்டிருக்கா?”

நான் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். வெயிலில் என்றோ, காற்றில் என்றோ ஒரு வரியும் இல்லை. துண்டு காய வேண்டும் என்று மட்டுமே இருந்தது.

“எங்க வச்சுக் காயணும்?”

“விண்ணப்பதாரருக்கு நேர் கீழ,” என்றார் ஆவுடையப்பன்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். வண்டியிலிருந்து கரிப்பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து கங்கை ஒருதரம் விசிறி, மூடிக்கொண்டாள். பிறகு குளத்தில் இறங்கினாள். செடிமேல் நடந்துகொண்டிருந்த தாழைக்கோழி ஓர் இலை தள்ளி நின்று வழிவிட்டது. அவள் தலை முங்கியது. பெட்டியின் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்த புகை, தண்ணீருக்குள் குமிழாகி மேலே வந்து, உடைந்து, மறுபடியும் புகையாகிப் போனது. கங்கு அணையவில்லை. அணையச் சொல்லி அதற்கு எந்த உத்தரவும் போகவில்லை.

நான்கு நாற்பதுக்கு மேலே வந்தாள். கையில் துண்டு நாலாக மடித்து, விளிம்பு விளிம்போடு பொருந்தி, வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். அப்பளம்போல் காய்ந்திருந்தது. ஆவுடையப்பன் கடிகாரத்தை நிறுத்திக் கணக்குப் போட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் நிமிடம். படிவத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. மற்ற இரண்டை ஓரத்தில் எழுதினார். நான்கு ஐம்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டார். ராஜகனி நோட்டீஸைக் கிழிக்காமல், ஈரக்கையால் நனைத்துப் பக்குவமாக உரித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நான் கரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஒரு மரத்தை நட்டு அது வேலையில் சேர்ந்து நிழல் தரப் பதினைந்து வருடம் ஆகும். ஆகாயத்தாமரை மறுநாள் பத்து மணிக்கு, ஒரு பிளாஸ்டிக் வாளியில், குழந்தை குட்டிகளோடு வந்து சேர்ந்துகொண்டது. அதற்கு நேர் கீழேதான் நிழல் என்பதால், நூலக முக்கில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் தண்ணீர் நிற்க வேண்டும் என்று உத்தரவில் எழுதியிருந்தோம். நான் சுண்ணாம்பால் கோடு போட்டேன். தண்ணீர் லாரி வந்து ஊற்றியது. தண்ணீர் கோட்டைத் தாண்டாமல் நின்றது.

ராஜகனி வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். மூச்சுக்கு மட்டும் அவ்வப்போது மேலே வருகிறாள். உள்ளிருந்து அவள் பேசினால் பேச்சு குமிழாக வந்து நம் காதருகில் உடைகிறது. கொஞ்சம் தாமதம், ஆனால் தெளிவாகக் கேட்கும். துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை அவளுக்கு மிச்சம். காய் விழுவதில்லை. ஊதாப் பூ விழுகிறது, அதில் கறை இல்லை. தலைக்கு மேலே செடியின் வேர்கள் தாடிபோலத் தொங்கி ஆடுகின்றன. நூலகத்துக்கு வருகிறவர்கள் செய்தித்தாளோடு உள்ளே இறங்கி, மதியம்வரை குளுகுளுவென்று படிக்கிறார்கள். மூன்று நாள் துணி சேர்ந்துவிட்டது என்று அவள் அலுத்துக்கொண்டபோது, அந்தக் குமிழ்கூட என் காதில் இனிமையாகத்தான் உடைந்தது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், மேலக்குளத்து மீன்கள் ஒரு குடத்தில் வந்து மனுக் கொடுத்தன. அமலை குடும்பத்தோடு கிளம்பிவிட்டதால் குளத்தில் நிழலே இல்லை, வெயில் நேரே முதுகில் விழுகிறது என்று எழுதியிருந்தன. மை கலங்காமல் இருந்தது. நியாயமான மனு. உடனே காலியிடம் அறிவித்தோம். இதற்கும் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்தது. அனுப்பியது ஆலங்குளம் சாலையிலிருந்து தூங்குமூஞ்சி மரம். மகன் வீட்டில் மரியாதைக்குக் குறைவில்லையாம். ஆனால் மாமனார் நிற்கிற இடத்தில் மருமகளுக்கு வெயில் விழவில்லை. அவள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, இலைதான் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. மரம் தானாகவே புரிந்துகொண்டது.

ஆவுடையப்பன் வயதைப் பார்த்துத் தயங்கினார். நான் குளத்துக்கான விதிகளை எடுத்துக் காட்டினேன். தண்ணீரில் வேலை செய்பவருக்கு, முதன்முதலில் முழுக்க நனைந்த நாளே பிறந்தநாள். மரம் மறுபடியும் நடந்து வந்தது. மின்கம்பிக்குக் குனிந்தது. மேலக்குளத்தில் இறங்கி, ஒருதரம் முங்கி, வேரை விரித்து மல்லாந்து மிதந்தது. நான் புதுப் பதிவேட்டைத் திறந்தேன். இந்த முறை யாரிடமும் வயது கேட்கவில்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்து அன்றைய தேதியை என் கையால் எழுதினேன். அதற்கு இன்னும் அறுபது வருடம் இருக்கிறது. அன்று இரவு அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன் என்று என் மனைவி சொன்னாள்.

ஐந்து மணிக்கு மரம் இலையை மடிக்கிறது. மீன்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது மைனாக்களும் திரும்பி வந்து, தாழைக்கோழி விட்டுப்போன இடத்தில் நடந்து பழகுகின்றன.

சோதனை மட்டும் பாக்கி இருந்தது, குளத்து விதிப்படி அதை வேலையில் சேர்ந்த பிறகும் வைத்துக்கொள்ளலாம். நீர்வாழ் உயிர்களுக்கு நிழல் என்பது, துண்டு நனையத் தாமதமாகும் இடம். நாற்பது நிமிடம் தாண்டினால் தேர்ச்சி. ராஜகனி தண்ணீருக்குள் தேய்த்துக் கொடுத்த துண்டைக் கொண்டுபோய், திங்கள் உச்சிவேளையில், மிதக்கும் மரத்துக்கு நேர் கீழே குளத்துக்குள் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தேன். நேற்று நூலக முக்கைக் கடந்தபோது ஒரு குமிழ் என் காதருகில் வந்து உடைந்தது.

“தண்ணி தெளிக்கிற டப்பா சும்மாதான் கெடக்கு அண்ணாச்சி. அவசரம்னா சொல்லுங்க, வாரேன்.”

அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். இன்று வியாழக்கிழமை. துண்டு இன்னும் நனையவில்லை.